ஐந்தாவது கூண்டு

அவரை எல்லோரும் எலிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. அது சம்பளப் பட்டியலில் பத்திரமாக இருக்கிறது, யாரும் எடுத்துப் புழங்குவதில்லை. மருந்து ஆராய்ச்சிக் கல்லூரியின் பின்பக்கம், தகரக் கதவு போட்ட நீள அறை ஒன்றில் இருபத்தாறு வருடமாக எலி வளர்க்கிறார். வளர்க்கிறார் என்றால் பாதி உண்மை. வளர்த்துக் கொல்கிறார் என்பதுதான் முழு உண்மை. அதைச் சொல்ல அவருக்கு வாய் வராது. "எலிகளைப் பாத்துக்கறேன்" என்பார். பார்த்துக்கொள்வதில் எல்லாம் அடக்கம்.

அவருடைய வலது கையைப் பற்றிச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல முடியாது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து ஒரு வெள்ளை எலியின் பின்கழுத்துத் தோலைப் பிடித்தால், அது துள்ளாது, கத்தாது. நாலு காலும் தொங்க அப்படியே உறைந்து போகும். அதே எலியை மாணவர்கள் பிடித்தால் கடித்துவிடும். ரத்தம் சொட்டுகிற விரலைத் தூக்கிக்கொண்டு "அண்ணே, அண்ணே" என்று அலறி வருவார்கள். அவர் கையிலும் பழைய கடித் தழும்புகள் உண்டு, எல்லாம் முதல் வருடத்துக் கணக்கு. அதன் பிறகு எந்த எலிக்கும் அவரைக் கடிக்கத் தோன்றியதில்லை.

கொல்கிற வேலையும் அந்தக் கைக்குத்தான். மயக்க மருந்து நனைத்த பஞ்சு கிடக்கும் கண்ணாடி ஜாடிக்குள் எலியை விடுவார். அது இரண்டு சுற்று சுற்றிவிட்டுச் சாயும். எடுத்து மேசையில் கவிழ்த்துக் கிடத்தி, மண்டை முடிந்து கழுத்து தொடங்குகிற இடத்தில் ஒரு இரும்புக் கோலைக் குறுக்கே வைத்து இடது கையால் அழுத்துவார். வலது கையால் வாலின் அடியைப் பிடித்து ஒரே இழுப்பு. விரல் சொடுக்குகிற அளவுக்குத்தான் சத்தம் வரும். பிறகு வயிற்றைக் கீறி ஈரலை எடுத்துத் துடைத்து எடை போட்டு, கண்ணாடித் தட்டில் வைப்பார். முப்பது எலி என்றாலும் காலைச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிடும். கை நடுங்காது.

இந்த மனிதர் வீட்டில் ஒரு கரப்பான் பூச்சியை அடித்ததில்லை. சண்டை என்று காதில் விழுந்தாலே தெருவை மாற்றிக்கொண்டு போவார். பக்கத்து வீட்டுக்காரன் குப்பையை இவர் வாசலில் தள்ளினால் இவரே கூட்டி அள்ளிவிட்டு, "காத்துல வந்திருக்கும்" என்பார். மனைவி தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டுத் தலையில் அடித்துக்கொள்வாள். "காத்துக்குக் கை முளைச்சிருக்கா? அங்க போய் அத்தனை உயிரை எடுத்துட்டு வர்றீங்க, இங்க ஒருத்தனை ஏன்னு கேக்க மாட்டீங்களா?" என்பாள். கேட்க மாட்டார். இது ஏதோ பெருந்தன்மை என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். பெருந்தன்மை இல்லை, பயம்தான். இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்துகொள்ள அவர் கொடுத்த விலையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

ஒரே மகள். சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டதும் எலி அறைக்கு வந்து கூண்டுகளுக்கு முன்னால் உட்காருவாள். ஒவ்வொன்றுக்கும் செல்லப் பெயர் வைப்பாள். மறுநாள் வந்து பார்த்தால் கூண்டு காலியாக இருக்கும். "அப்பா, எங்க அதுங்க?" என்று கேட்பாள். "தூங்கப் போயிருக்கும்மா" என்பார். பத்து வயது வரை நம்பினாள். அதற்குப் பிறகு நம்புகிற மாதிரி நடித்தாள். அப்பா முகம் வாடக் கூடாது என்று பார்க்கிற பிள்ளை. அந்தக் குணம்தான் அவளுக்கு எமனாக வந்தது.

மூன்று வருடத்துக்கு முன்னால் கல்யாணம். மாப்பிள்ளை டயர்க் கடைக்காரன். சொந்தக் கடை, கடைக்குப் பின்னாலேயே வீடு, பேச்சில் மரியாதை, மாமா மாமா என்று உருகுவான். ஆறாவது மாதம் மகள் வீங்கிய உதட்டோடு வந்து நின்றாள். சோறு ஆறியிருந்ததாம். இவர் ஒரு வாரம் வைத்திருந்து, உதடு வற்றியதும் கொண்டுபோய் விட்டார். இரண்டாம் தடவை காது. மூன்றாம் தடவை முழங்கை பிசகி வந்தாள். ஒவ்வொரு தடவையும் ஒத்தடம், மருந்து, அம்மா கைச் சாப்பாடு, உடம்பு தேறியதும் வண்டி பிடித்துத் திரும்ப அங்கேயே. ஒவ்வொரு தடவையும் மாப்பிள்ளை வாசலில் நின்று கண்ணைக் கசக்குவான். ஒவ்வொரு தடவையும் இவர், "கோபக்காரர், மத்தபடி தங்கமான மனுஷன்" என்று பூசி மெழுகுவார்.

மூன்றாம் தடவை மனைவி வாசலை மறித்தாள். "அனுப்பாதீங்க" என்றாள். "எத்தனை நாளைக்கு வச்சுக்க முடியும்? சேந்து வாழ வேண்டிய பிள்ளை" என்றார். மகள்தான் அம்மாவின் கையை விலக்கிவிட்டு வண்டியில் ஏறினாள். அப்பா முகம் வாடியிருந்தது அல்லவா.

இந்தச் சமயத்தில்தான் கல்லூரியில் கருஞ்சீரக வேலை நடந்துகொண்டிருந்தது. முனைவர் பட்டத்துக்கு உழைக்கிற ஒரு பெண். மூக்குக் கண்ணாடியோடும் எலி பயத்தோடும் சேர்ந்தே பிறந்தவள். அவளை இவர் டாக்டரம்மா என்பார். "இன்னும் ஆகலை அண்ணே" என்பாள். "ஆயிடுவீங்க" என்பார். காய்ச்சலுக்கும் உடம்பு வலிக்கும் எல்லோரும் கடையில் வாங்கிப் போட்டுக்கொள்கிறார்களே, அந்த மாத்திரைதான் அவளுடைய விஷயம். அளவோடு போட்டால் ஒன்றுமில்லை. அளவு மீறினால் ஈரலைத் தின்றுவிடும். கருஞ்சீரகத்தைச் சாறாக்கிக் கொடுத்தால் ஈரல் தப்புமா என்று பார்க்க வேண்டும்.

நாலு கூண்டு, கூண்டுக்கு ஆறு எலி. முதல் கூண்டுக்கு வெறும் தண்ணீர். இரண்டாவதுக்கு மாத்திரை மருந்து மட்டும். மூன்றாவதுக்கும் நாலாவதுக்கும் வெவ்வேறு அளவில் பதினாலு நாள் சாறு, பதினைந்தாம் நாள் மருந்து. நுனி உருண்ட வளைந்த குழாயை எலியின் வாய் வழியாக இரைப்பை வரைக்கும் இறக்கி ஊற்ற வேண்டும். ஒரு நூல் தவறினால் நுரையீரலுக்குள் போய் அங்கேயே செத்துவிடும். இவர் கையில் ஒன்றும் சாகவில்லை. சாக வேண்டிய நாளில்தான் செத்தன.

அறுத்துப் பார்த்த அன்றைக்கு டாக்டரம்மா குழந்தை மாதிரி குதித்தாள். இரண்டாவது கூண்டின் ஈரல்கள் வெளுத்துப் புள்ளி விழுந்து, தொட்டால் உதிர்ந்தன. சாறு குடித்த கூண்டுகளின் ஈரல்கள் வழவழவென்று கருஞ்சிவப்பாக, வெறும் தண்ணீர் குடித்தவற்றைப் போலவே இருந்தன. "பாருங்க அண்ணே, ஒரு கீறல் இல்லை!" என்றாள். இருபத்தாறு வருடத்தில் எத்தனையோ மருந்து பார்த்தவருக்கே மயிர் கூச்செறிந்தது. வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னார். போனில் மகளிடம் சொன்னார். "விஷத்தையே முறிக்குதும்மா. எல்லாம் நம்ம அடுக்களையில கிடக்கிற சாமான்!" மகள் சிரித்தாள். அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் விழுகிற சத்தம் கேட்டது, போன் நின்றுவிட்டது.

டாக்டரம்மாவின் பேராசிரியர் அதோடு விடவில்லை. மருந்து உள்ளே போன பிறகு சாறு கொடுத்தால் என்ன ஆகும், அதையும் பார் என்றார். அதற்காகத்தான் ஐந்தாவது கூண்டு வந்தது. திங்கட்கிழமை இவரே மருந்து ஊற்றினார். செவ்வாய் காலையிலும் மாலையிலும் இவரே சாறு ஊற்றினார். புதன் காலை அறுக்க வேண்டும்.

அந்தச் செவ்வாய் மாலை, வேலை முடிந்து வருகிற வழியில், இரண்டு நாளாக மகள் போனை எடுக்கவில்லையே என்று டயர்க் கடைக்குப் போனார். மாப்பிள்ளை லாரிச் சக்கரம் ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்தான். "வாங்க மாமா. அவளுக்குக் கொஞ்சம் வயிறு சரியில்லை" என்று, பார்வையைச் சக்கரத்திலிருந்து எடுக்காமலே சொன்னான்.

மகள் படுக்கையில் சுருண்டு கிடந்தாள். பக்கத்தில் வாந்தி எடுத்த வாளி. எழுந்து உட்காரப் பார்த்தவள் வலது விலாவைப் பிடித்துக்கொண்டு அப்படியே சாய்ந்தாள். இவர் சேலையை ஒதுக்கிப் பார்த்தார். விலா முழுக்கக் கறுப்பும் ஊதாவுமாகக் கன்றிப்போய், குறுக்கே ஒரு முழ நீளத்துக்குக் கம்பியின் தடம். டயர் நெம்புகிற கம்பி. அதன் முனை தட்டையாக இருக்கும். தட்டை விழுந்த இடத்தில் தோல் பிய்ந்திருந்தது.

"சனிக்கிழமைப்பா" என்றாள். எதற்கு என்று இவர் கேட்கவில்லை. கேட்டால் சோறு, குழம்பு, போன் என்று ஏதாவது ஒன்று வரும். அதெல்லாம் காரணம் இல்லை என்று அவருக்கும் தெரியும்.

"டாக்டர்கிட்ட போகலையா?"

"போகக் கூடாதுன்னுட்டார். எப்படி ஆச்சுன்னு கேப்பாங்களாம். வலி தாங்கலைப்பா. மாத்திரை போட்டுத்தான் எழுந்து வேலை செஞ்சேன். ரெண்டு போட்டா ஒரு பாத்திரம் கழுவலாம். இன்னும் ரெண்டு போட்டா சமைக்கலாம். எத்தனைன்னு நான் எண்ணலை."

கட்டிலுக்கு அடியில் காலி அட்டைகள் கிடந்தன. இவர் குனிந்து பொறுக்கி எண்ணினார். எண்ணி முடித்துவிட்டு மறுபடியும் எண்ணினார். அது எந்த மாத்திரை என்று அட்டையைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை.

வெளியே வந்து, "மாப்பிள்ளை, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிரலாம்" என்றார். கெஞ்சுகிற குரலில்தான் சொன்னார்.

மாப்பிள்ளை கம்பியைத் தரையில் ஊன்றி எழுந்தான். "போய் என்ன சொல்லப் போறீங்க? புருஷன் அடிச்சான்னா? நான் உள்ள போகணும், அதானே உங்க ஆசை?"

"அப்படி இல்ல மாப்பிள்ளை..."

"பின்ன எப்படி? வயித்து வலிக்கெல்லாம் ஆஸ்பத்திரி இல்ல மாமா. போயிட்டு வாங்க."

கம்பி அவன் கையில் சும்மாதான் ஆடியது. இவர் அதைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். அந்த நேரத்தில் இவருக்கு ஒரு யோசனை வந்தது. நல்ல யோசனை என்று அப்போது நினைத்தார். இன்றைக்கும் அந்த யோசனையை நினைத்தால் அவருக்குச் சோறு இறங்காது. பாட்டில் இருக்கிறதே! கல்லூரியில், குளிர்பெட்டியின் இரண்டாம் தட்டில், பழுப்புக் கண்ணாடி பாட்டிலில் முக்கால் அளவுக்குச் சாறு இருக்கிறது. ஈரல்களைக் கண்ணால் பார்த்தவர் அவர். சாறு இருக்கும்போது ஆஸ்பத்திரி எதற்கு? ஆஸ்பத்திரி இல்லையென்றால் சண்டை எதற்கு?

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவர் கருஞ்சீரகத்தை நம்பினார், சரி. அதைவிட அதிகமாக, இவனோடு மல்லுக்கட்ட வேண்டாம் என்கிற நிம்மதியை நம்பினார்.

ஓட்டமும் நடையுமாகக் கல்லூரிக்குப் போய் பாட்டிலைச் சட்டைக்குள் மறைத்து எடுத்து வந்தார். இருபத்தாறு வருடத்தில் அங்கிருந்து அவர் எடுத்த முதல் பொருள். எலியின் எடையையும் மகளின் எடையையும் மனக்கணக்காகப் போட்டு, ஒரு டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார். மகள் மோந்து பார்த்தாள்.

"இது எலிங்க தப்பிச்சுதே, அந்த மருந்தா?"

"ஆமாம்மா. குடிச்சிரு. காலையில சரியாயிரும்."

கசப்பில் முகம் கோண, மூச்சைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். டம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்போது கேட்டாள். "அந்த எலிங்க இப்ப எங்கப்பா?"

"நல்லா இருக்கும்மா. கூண்டுல இருக்கு."

வீட்டுக்கு வந்து சொன்னதும் மனைவி தையல் துணியை வீசி எறிந்தாள். "எலிக்கு ஊத்தினதையா என் பொண்ணுக்கு ஊத்திட்டு வந்தீங்க? தூக்கிட்டு வர வேண்டியதுதானே? உங்க தோள்ல என்ன புண்ணா?" ஈரல் எவ்வளவு வழவழவென்று இருந்தது என்று இவளுக்கு எப்படிப் புரியவைப்பது என்று யோசித்துக்கொண்டே படுத்துவிட்டார்.

புதன் காலை. டாக்டரம்மா பேனாவும் அட்டையுமாக வந்து, வழக்கம்போல மேசைக்கு மூன்றடி தள்ளி நின்றாள். ஐந்தாவது கூண்டைத் திறந்தார். இரண்டு எலி ஏற்கனவே செத்து விறைத்துக் கிடந்தன. மீதி நாலும் மூலையில் மயிர் சிலிர்த்துக் குவிந்திருந்தன. ஒன்றைப் பின்கழுத்தில் பிடித்துத் தூக்கினார். உறைய வேண்டிய எலி உறையவில்லை. ஏற்கனவே துவண்டிருந்தது.

ஜாடி, கோல், இழுப்பு. வயிற்றைக் கீறினார்.

ஈரல் வெளுத்து, மஞ்சளும் சிவப்புமாகப் புள்ளி விழுந்திருந்தது. இடுக்கியால் எடுத்தபோது ஓரம் உதிர்ந்தது. இரண்டாவது எலி, அதே. மூன்றாவது எலியைக் கீறும்போது கத்தி வழுக்கி இவருடைய சொந்த விரலை வெட்டியது. இருபத்தாறு வருடத்தில் முதல் தடவை. எலி ரத்தத்தோடு அவர் ரத்தமும் தட்டில் சேர்ந்தது.

"அண்ணே, கை!"

"சாறு கொடுத்தோமே" என்றார். "ரெண்டு வேளை கொடுத்தேனே. நானேதான் ஊத்தினேன்."

"அதான் அண்ணே பாக்க வேண்டியது" என்றாள் டாக்டரம்மா. அவள் குரலில் ஒரு வருத்தமும் இல்லை. அவளுக்கு இதுவும் ஒரு முடிவு, எழுதிக்கொள்ள வேண்டியது. "முன்னாடியே கொடுத்துக்கிட்டு வந்தா ஈரல் தாங்குது. அடி விழுந்த பிறகு கொடுத்துப் பிரயோஜனம் இல்லை போல. இதை எழுதினாத்தான் மத்ததையும் நம்புவாங்க."

பதினாலு நாள் முன்கூட்டி ஊற்றியவர் இவர். ஒவ்வொரு எலியின் வாயையும் பிடித்துத் திறந்தவர் இவர். அந்தப் பதினாலு நாளை மறந்து, கடைசியில் தட்டில் கிடந்த வழவழப்பை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டு நேற்று மாலை மகளுக்கு ஒரு டம்ளர் ஊற்றியிருக்கிறார். ஐந்தாவது கூண்டுக்கும் மகளுக்கும் ஒரே வேளையில்தான் ஊற்றியிருக்கிறார்.

கூண்டில் மிச்சமிருந்த ஒரு எலி மெல்ல நகர்ந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு ஓடினார். கையுறையைக்கூடக் கழற்றவில்லை.

டயர்க் கடையில் மாப்பிள்ளை தனியாக இருந்தான். பின்வீட்டுக் கதவில் வெளிப்பூட்டு தொங்கியது. ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்தார். மகள் தரையில் கிடந்தாள். கூப்பிட்டதும் கண்ணைத் திறந்தாள். கண்ணின் வெள்ளை மஞ்சளாக இருந்தது. இவரைப் பார்த்து, "பள்ளிக்கூடம் விட்டாச்சுப்பா" என்றாள்.

"சாவியைக் கொடுங்க மாப்பிள்ளை."

"கையில என்ன ரத்தம்? குடிச்சிட்டு வந்தீங்களா?"

"சாவி."

"கடை நேரத்துல வந்து ரகளை பண்ணாதீங்க மாமா. மரியாதை கெட்டுரும்."

இவர் அவனுடைய சட்டைப் பைக்குக் கையை நீட்டினார். மாப்பிள்ளை முஷ்டியை மடக்கி வாயிலேயே குத்தினான். முன்பல் இரண்டு உள்பக்கம் மடிந்தன. பின்னால் சாய்ந்து டயர் அடுக்கில் விழுந்தார், அடுக்கு சரிந்து மேலே உருண்டது. எழுந்தார். நெஞ்சில் ஒரு உதை விழுந்தது. மறுபடி எழுந்தார். மூன்றாம் தடவை அவன் உதைத்த காலை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டார், உடம்புச் சுமையோடு உருண்டார். அவன் வேலை மேசை விளிம்பில் முகம் மோதி அதன் மேலேயே கவிழ்ந்தான்.

அதற்குப் பிறகு நடந்ததை அவர் செய்தார் என்று சொல்ல முடியாது. கை செய்தது. இருபத்தாறு வருடமாகத் தினமும் செய்ததைச் செய்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாப்பிள்ளையின் பின்கழுத்தில் இறங்கி, கையுறையோடு தோலுக்குள் புதையும் வரை இறுக்கின. இடது கை, மேசையில் கிடந்த டயர்க் கம்பியை எடுத்து, மண்டை முடிந்து கழுத்து தொடங்குகிற இடத்தில் குறுக்கே வைத்து அழுத்தியது. மகளின் விலாவில் விழுந்த அதே கம்பி. அங்குலம் பிசகாமல் சரியான இடம். இனி வாலைப் பிடித்து இழுப்பதுதான் பாக்கி. இவனுக்கு வால் இல்லாததால் பிழைத்தான் என்றுதான் நான் நினைக்கிறேன்.

மாப்பிள்ளை உறைந்து போனான். துள்ளவில்லை, கத்தவில்லை. மூக்கிலிருந்து ரத்தம் மேசையில் சொட்ட, கையும் காலும் அசையாமல் கிடந்தான்.

"தினமும் இந்த இடத்துலதான் கோலை வைப்பேன்" என்றார். வாயிலிருந்து ரத்தமும் எச்சிலும் அவன் காதில் வழிந்தன. "ஒரு தடவைகூடத் தப்பினதில்லை. சாவியை எடுடா."

டா என்று ஒருவனை அவர் வாழ்க்கையில் சொன்னது அன்றைக்குத்தான். சாவி மேசையில் விழுந்தது. பிடியை உடனே விட்டாரா என்றால் இல்லை. எவ்வளவு நேரம் அழுத்திக்கொண்டே நின்றார் என்று அவருக்குத் தெரியாது. உள்ளே மகள் முனகினாள். அந்தச் சத்தம்தான் அவனைக் காப்பாற்றியது.

மகளைத் தோளில் போட்டுக்கொண்டு சாலை நடுவே நின்று வண்டியை மறித்தார். ஆஸ்பத்திரியில் பணியிலிருந்த இளம் டாக்டர் கேட்பதற்கு முன்னால் இவரே ஒப்பித்தார், எலிக் கூண்டின் அட்டையைப் படிக்கிற மாதிரி. எடை இவ்வளவு, முதல் மாத்திரை சனிக்கிழமை, மொத்தம் இத்தனை அட்டை, வாந்தி திங்கள் காலை, மஞ்சள் புதன் காலை. கடைசியில் நின்று, "செவ்வாய் மாலை கருஞ்சீரகச் சாறு. நான்தான் கொடுத்தேன்" என்றார்.

டாக்டர் நிமிர்ந்தான். "நேத்தே பாத்தீங்களா? நேத்தே ஏன் கூட்டிட்டு வரலை?"

அவர் அப்போதுதான் கையுறையைக் கழற்றினார்.

"இதுக்கு முறிவு மருந்து இருக்கு. எவ்வளவு சீக்கிரம் ஏத்தறோமோ அவ்வளவு நல்லது. ஒரு நாளைத் தொலைச்சிட்டீங்களே!" திட்டிக்கொண்டே ஊசி போட்டு மருந்தை ஏற்றினான். நல்ல டாக்டர். திட்டட்டும். "விலாவில ரெண்டு எலும்பு உடைஞ்சிருக்கு. இது எப்படி?"

போன தடவை, முழங்கைக்கு, படியில் விழுந்தாள் என்று இவரேதான் சொல்லியிருந்தார்.

"அவ புருஷன் கம்பியால அடிச்சான்" என்றார். "எழுதிக்கோங்க. நான் அவனை அடிச்சேன். அதையும் எழுதிக்கோங்க."

போலீஸ்காரர் ஒருவர் வந்து இரண்டையும் எழுதிக்கொண்டு போனார்.

அடுத்த நாட்களை மனைவி நகத்தைக் கடித்தே தீர்த்தாள். இரண்டாம் நாள் மகளுக்கு அம்மாவை அடையாளம் தெரியவில்லை. கட்டிலில் கையைக் கட்ட வேண்டியிருந்தது. ஊசி குத்திய இடமெல்லாம் ரத்தம் நிற்காமல் கசிந்தது. தினமும் காலையில் ரத்தம் எடுத்தார்கள், ஈரல் கெட்ட அளவைச் சொல்லும் எண்கள் வந்தன. அந்த எண்களை அவர் கூண்டு அட்டைகளில் பார்த்திருக்கிறார். இரண்டாவது கூண்டின் எண்கள். வராந்தாச் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றார். மனைவி அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நாலாம் நாள் எண் ஏறவில்லை. ஐந்தாம் நாள் இறங்கியது. மனைவி வந்து, வீங்கிய அவருடைய வாயைத் துடைத்துவிட்டு, "கஞ்சி குடிங்க" என்றாள்.

ஒன்பதாம் நாள் மகள் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண்ணில் மஞ்சள் கொஞ்சம்தான் மிச்சம். அப்போது மாப்பிள்ளை வந்தான். மூக்கில் பிளாஸ்திரி, கையில் ஆப்பிள் பை. வாசலிலேயே நின்று கண்ணைக் கசக்கினான். "தப்புதான். இனிமே சத்தியமா கை வைக்க மாட்டேன். உடம்பு தேறிடுச்சுன்னு சொன்னாங்க. கூட்டிட்டுப் போகலாம்னு வந்தேன்."

மனைவி எழுந்தாள். மகள் கையைத் தூக்கி அவளை நிறுத்தினாள். மாப்பிள்ளையை அவள் பார்க்கவில்லை. அப்பாவைத்தான் பார்த்தாள்.

"அப்பா, சாறு குடிச்சுத் தப்பிச்ச எலிங்க இப்ப எங்க இருக்கு?"

தூங்குகிறது என்று சொல்லலாம். கூண்டில் நன்றாக இருக்கிறது என்று சொல்லலாம். அவள் நம்புகிற மாதிரி நடிப்பாள், நடித்துவிட்டு வண்டியில் ஏறுவாள்.

"கொன்னுட்டோம்மா" என்றார். "நான்தான் கொன்னேன்."

"தப்பிச்சதையுமா?"

"எல்லாத்தையும். தேத்தறதே அதுக்குத்தான். தேறினதும் எடுத்து மேசைல வைப்போம்."

மகள் தலையசைத்தாள். அவளுக்கு இது எப்போதோ தெரியும். அவர் வாயால் கேட்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். உதடு, காது, முழங்கை என்று மூன்று தடவை தேற்றித் தேற்றி எங்கே கொண்டுபோய் வைத்தார் என்பது அவருக்கும் அப்போதுதான் முழுசாக உறைத்தது. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

முன்பல் இல்லாத வாயில் பேச்சு குழறியது. ஆனாலும் அந்த வார்டில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது. "இவ வரமாட்டா. நீ போடா."

"மாமா, நான் சொல்றதைக் கொஞ்சம்..."

எலிக்காரர் ஒன்றும் செய்யவில்லை. வலது கையை, கட்டுப் போட்ட விரலோடு, சும்மா முன்னால் நீட்டினார். மாப்பிள்ளை ஆப்பிள் பையைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு கையாலும் தன் பின்கழுத்தைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு வெளியே போனான்.